சிலிகா உலர்ஜெல்லில் ஒளிநிறமாற்றச் சாயம்: இருளில் வைத்தும் நிறம் இறங்காதது ஏன்?

இளங்கதிர்

அனைவருக்கும் வணக்கம். டெட்ராஎத்தாக்சிசிலேன் என்ற சிலிக்கான் ஆல்காக்சைடிலிருந்து, கரைசலை ஜெல்லாக இறுகவைத்து உலர்த்தும் சோல்-ஜெல் முறையில் சிறிய சிலிகா வட்டுகளைச் செய்து, அவற்றுக்குள் நைட்ரோ தொகுதி கொண்ட ஸ்பைரோபைரான் சாயத்தை அடைத்து வருகிறேன். புறஊதா ஒளி பட்டால் நிறம் ஏற வேண்டும், இருளில் வைத்தால் இறங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆல்காக்சைடு, எத்தனால், நீர் மூன்றையும் 1:4:4 என்ற மோல் விகிதத்தில் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிதளவு வினையூக்கியாகச் சேர்த்து, எத்தனாலில் கரைத்த சாயத்தையும் தொடக்கத்திலேயே கலந்துவிடுகிறேன். ஜெல் ஈரமாக இருக்கும்வரை புறஊதா விளக்கின் கீழ் நிறம் ஏறுவதும் பிறகு இறங்குவதும் ஓரளவு தெரிகின்றன. ஆயினும் மெல்லிய மஞ்சள் சாயல் ஒன்று எப்போதும் பின்னணியில் இருக்கிறது. உலர உலர வட்டு செம்மஞ்சளாக மாறிவிடுகிறது. அதன்பின் பல நாள் இருளில் வைத்தாலும் நிறம் இறங்குவதில்லை. போதாக்குறைக்குப் பெரும்பாலான வட்டுகள் உலரும்போதே விரிசல் விட்டுவிடுகின்றன. சாயம் கெட்டுப்போய்விட்டதா, அல்லது செய்முறையில் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புதுமாணவி

இத்துறைக்கு நான் புதியவள். அடிப்படையான ஒரு கேள்வியை முன்வைக்க அனுமதியுங்கள். கண்ணாடிக்குள் சாயம் இருக்க வேண்டும் என்றால், உருகிய கண்ணாடியிலேயே அதைக் கலந்துவிட முடியாதா? இவ்வளவு சுற்றி வருவது எதற்காக?

நுண்துளை

இளங்கதிரின் கேள்விக்கு விரிவான விடை தேவைப்படுவதால், முதலில் புதுமாணவிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சோடா-சுண்ணக் கண்ணாடியை உருக்குவதற்கே 1400 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். தூய சிலிகாவுக்கு 1700 டிகிரிக்கும் மேல் வேண்டும். கரிமச் சாயங்களில் பெரும்பாலானவை 200 முதல் 300 டிகிரிக்குள் சிதைந்துவிடும். கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெடும் ஸ்டூக்கியும் 1964இல் அறிவித்த ஒளிநிறமாற்றக் கண்ணாடி உருகலிலிருந்து செய்யப்பட்டதுதான். ஆனால் அதில் நிறம் மாறுவது வெள்ளி ஹாலைடு நுண்படிகங்களால், அதாவது கனிமப் பொருளால். கரிம மூலக்கூற்றைச் சிலிகாவுக்குள் வைக்க வேண்டுமானால், அறை வெப்பநிலையிலேயே கண்ணாடியை மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டியெழுப்பும் வழி வேண்டும். சிலிக்கான் ஆல்காக்சைடு நீரோடு வினைபுரிந்து சிலிகா தருவதை எபெல்மென் 1846ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார். அதற்குள் கரிமச் சாயத்தை அடைக்கலாம் என்பது வலுவாக நிலைபெற்றது, ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அவ்னிர், லெவி, ரைஸ்ஃபெல்டு ஆகிய மூவரும் 1984இல் ரோடமின் 6ஜி சாயத்தைச் சிலிகாவில் அடைத்துக் காட்டிய பிறகுதான்.

இனி இளங்கதிரின் வட்டுகளுக்கு வருகிறேன். தங்கள் சாயம் பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். கண்ணாடியைப் போல் தெளிவாகத் தோன்றுவதால், சிலிகாவை நாம் எதிலும் தலையிடாத ஒளிபுகும் பெட்டியாக எண்ணிவிடுகிறோம். உலர்ஜெல்லின் ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் உட்பரப்பு உண்டு. அப்பரப்பெங்கும் சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கானோடு பிணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள், நிறைந்திருக்கின்றன. ஓரிரு நானோமீட்டர் அகலமே உள்ள துளைக்குள் அடைபட்ட சாய மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றையே எதிர்கொள்கிறது. இந்தச் சுவர்தான் சாயத்தின் நடத்தையை முடிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பைரோபைரானின் மூடிய வடிவத்தில் மூலக்கூறின் இரு பாதிகளும் ஒரே கார்பன் அணுவில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைந்திருப்பதால் இரட்டைப் பிணைப்புகளின் தொடர்ச்சி அறுந்திருக்கிறது. எனவே அதற்கு நிறமில்லை. புறஊதா ஒளி அந்த மையக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை அறுத்ததும் மூலக்கூறு விரிந்து தட்டையாகி, மெரோசயனின் என்ற நிற வடிவத்தை அடைகிறது. இந்த விரிந்த வடிவத்தில் நைட்ரஜன் பக்கம் நேர்மின்னும் ஆக்சிஜன் பக்கம் எதிர்மின்னும் குவிந்திருப்பதால், முனைவுற்ற சூழலும் ஹைட்ரஜன் பிணைப்பும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. டொலுயீன் போன்ற முனைவற்ற கரைப்பானில் அது விரைவாக மூடிக்கொள்ளும். ஜெல் ஈரமாக இருக்கும்போது துளைகளில் எத்தனால் இருப்பதால் ஓரளவு சமநிலை நிலவுகிறது. உலரும்போது எத்தனால் வெளியேற, எஞ்சுவது சிலனால்களும் சுவரில் ஒட்டிய நீரும் மட்டுமே. அந்தச் சூழலில் விரிந்த வடிவமே நிலையானதாகிவிடுகிறது. இருளில் நிறம் இருக்கும், ஒளி பட்டால் நிறம் இறங்கும். இதைத்தான் தலைகீழ் ஒளிநிறமாற்றம் என்கிறார்கள். ஈர ஜெல்லிலிருந்து உலர்ஜெல்லாக மாறும் வழியில் ஸ்பைரோபைரான் இவ்வாறு திசை மாறுவதை லெவியும் அவ்னிரும் 1988இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைச் சோதிப்பது எளிது. வட்டின் ஒரு பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மறு பாதியின்மீது 530 முதல் 560 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியைச் சிறிது நேரம் செலுத்துங்கள். ஒளி பட்ட பாதி வெளிறி, பின்னர் இருளில் மெல்ல நிறத்தை மீட்டுக்கொண்டால், சாயம் உயிரோடுதான் இருக்கிறது. வெளிறியபின் நிறம் திரும்பவேயில்லை என்றால் சாயம் சிதைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

சாயக்குடுவை

நுண்துளை ஐயா கூறியதை ஏற்றுக்கொண்டு, அவர் தொடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இளங்கதிர் குறிப்பிட்ட மஞ்சள் சாயல் சிலனாலின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. அது அமிலத்தின் வேலை. மெரோசயனினின் ஆக்சிஜன் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டால், உட்கவர்தல் 550 நானோமீட்டர் பகுதியிலிருந்து 420 நானோமீட்டர் அருகே நகர்ந்துவிடும். கண்ணுக்கு அது மஞ்சளாகத் தெரியும். தங்கள் வட்டின் செம்மஞ்சள் நிறம், புரோட்டான் ஏற்ற வடிவமும் ஏற்காத வடிவமும் கலந்திருப்பதால் வந்தது என்றே கருதுகிறேன். வட்டை அம்மோனியா ஆவியில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் குறைந்து சிவப்பு கூடினால் என் ஊகம் சரியாகும்.

சாயத்தைத் தொடக்கத்திலேயே அமிலக் கரைசலில் ஊற்றுவதை நிறுத்திவிடுவது நல்லது. இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் ஆல்காக்சைடு, எத்தனால், மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவற்றை மட்டும் சேர்த்து, 60 டிகிரி அளவில் மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, நீராற்பகுப்பை முடித்துவிடுங்கள். டெட்ராஎத்தாக்சிசிலேன் நீரோடு கலக்காது என்பதால் தொடக்கத்தில் எத்தனால் தேவை; நீராற்பகுப்பு நடக்க நடக்க எத்தனால் தானாகவே மேலும் வெளிவருகிறது. கரைசல் ஆறியபின், இரண்டாம் கட்டமாகத் தாங்கல் கரைசலாலோ மிக நீர்த்த அம்மோனியாவாலோ பி.எச். மதிப்பை 6க்கு அருகில் உயர்த்தி, உடனே சாயக் கரைசலைச் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். சிலிகாவின் சமமின்புள்ளி, அதாவது அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் நிலை, பி.எச். 2 அளவில் இருப்பதால் அங்கே ஜெல் ஆவது மிக மெதுவாக நடக்கும். 6ஐ நெருங்கும்போது சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். ஆகவே அச்சும் சாயமும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஸ்பைரோஆக்சசைன் வகைச் சாயங்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வலிய அமிலத்தில் அவை நிரந்தரமாகவே சிதைந்துவிடுகின்றன.

இளங்கதிர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சோதனைகளையும் செய்தேன். பச்சை ஒளியில் வட்டின் திறந்த பாதி தெளிவாக வெளிறியது. இரவு முழுவதும் இருளில் இருந்தபின் நிறம் பெருமளவு திரும்பியிருந்தது. அம்மோனியா ஆவியில் மஞ்சள் மறைந்து வட்டு செவ்வூதாவாக மாறியது. ஆக, இருவர் சொன்னதும் ஒரே வட்டில் நடக்கின்றன. அமிலத்துக்கு வழி கிடைத்துவிட்டது. சிலனால் சுவருக்கு என்ன செய்வது? எனக்குத் தேவை வழக்கமான திசை, அதாவது இருளில் நிறமற்றதாகவும் புறஊதாவில் நிறமுள்ளதாகவும் இருக்கும் வட்டு.

நுண்துளை

சுவரின் இயல்பை மாற்றுவதே நேரான வழி. டெட்ராஎத்தாக்சிசிலேனின் ஒரு பகுதிக்குப் பதிலாக மெத்தில்ட்ரைஎத்தாக்சிசிலேனைச் சேர்த்தால், ஒவ்வொரு சிலிக்கானிலும் ஒரு மெத்தில் தொகுதி நீராற்பகுப்புக்கு ஆட்படாமல் அப்படியே நிற்கும். சிலிக்கான்-கார்பன் பிணைப்பு இந்தச் சூழலில் உடைவதில்லை. இத்தகைய கலப்புச் சிலிகாவை ஆர்மோசில் என்று அழைப்பார்கள். துளையின் உட்சுவரில் சிலனால்கள் குறைந்து மெத்தில்கள் கூடுவதால், அடைபட்ட சாயம் ஒரு முனைவற்ற கரைப்பானில் இருப்பதைப் போல் உணர்கிறது. விரிந்த வடிவத்தைத் தாங்குவதற்கு ஆளில்லாமல் அது இருளில் மூடிக்கொள்கிறது. எத்தில் தொகுதி கொண்ட ஆல்காக்சைடிலிருந்து செய்த சிலிகாவில் ஸ்பைரோபைரான் வழக்கமான திசையைத் தக்கவைத்துக்கொண்டதும் முன்னர் நான் சொன்ன அதே ஆய்வு வரிசையில் பதிவாகியிருக்கிறது.

எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. பாதிக்குப் பாதி மோல் விகிதத்தில் தொடங்குவது பொருத்தமானது என்பேன். கால் பங்கு சேர்த்தால் நிறம் இறங்கும் வேகம் ஓரளவு கூடும். ஆனால் எஞ்சிய சிலனால்களை ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் நிறத்தோடேயே நின்றுவிடும். முழுவதும் மெத்தில் ஆல்காக்சைடாகவே செய்தால், ஜெல் ஆகும் முன்பே சிறு வளையங்களாகவும் கூண்டுகளாகவும் பிரிந்து வட்டு வெண்மையாகிவிடும் அபாயம் உண்டு. ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்து உயர்த்த விரும்பினால் ஃபீனைல்ட்ரைஎத்தாக்சிசிலேனைக் கருதலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். துளைச் சுவர் எவ்வளவு முனைவுற்றது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை; அளக்கலாம். பைரீன் மூலக்கூற்றின் ஒளிர்வு நிறமாலையில் முதல் உச்சிக்கும் மூன்றாம் உச்சிக்கும் இடையிலான உயர விகிதம் சூழலின் முனைவுத்தன்மையோடு மாறும். மிகச் சிறிதளவு பைரீனைத் தனியொரு வட்டில் சேர்த்து, ஜெல் இறுகுவதிலிருந்து உலர்ந்து முடியும்வரை இவ்விகிதத்தைத் தொடர்ந்து அளந்தால், துளை எந்தக் கட்டத்தில் எப்படி மாறுகிறது என்பது கண்முன் தெரியும். ஸ்பைரோபைரானை வீணாக்காமல் சுவரைச் சரிசெய்துகொள்ள இது நல்ல துணை.

ஒளிவேதியன்

மதிப்பிற்குரிய நுண்துளை அவர்களோடு இங்கே மாறுபட வேண்டியிருக்கிறது. சாயத்துக்கு ஒவ்வாத சிலிகாவை எடுத்துக்கொண்டு, பிறகு அதைச் சாயத்துக்கு ஏற்றவாறு பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் கையில் இருப்பது சிலிகாதானா என்ற கேள்வி எழுகிறது. மெத்தில் கூடக் கூடப் பொருள் மென்மையாகிறது. கீறல் எளிதில் விழுகிறது. அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதென்றால், நேராகப் பலபடிக்குள்ளேயே சாயத்தைக் கரைத்துவிடலாமே.

என் யோசனை சாயத்தை மாற்றுவதுதான். நைட்ரோ ஸ்பைரோபைரான் அழகாக நிறம் மாறும். ஆனால் நைட்ரோ தொகுதி மும்மை நிலை என்ற கிளர்வுநிலையின் வழியாக வினையை நடத்துவதால், ஆக்சிஜன் முன்னிலையில் அது விரைவில் களைத்து, நிறம் மாறும் திறனை இழந்துவிடுகிறது. உலர்ஜெல் முழுவதும் துளை. காற்று தடையின்றி உள்ளே வரும். இதற்கு மாறாக, ஈரியே முதலில் 1988இல் வெளியிட்ட டைஅரைல்எத்தீன் வகையில், வளையம் மூடுவதும் திறப்பதும் ஒளியால் மட்டுமே நடக்கின்றன. இருளில் இரு வடிவங்களும் நிலைத்து நிற்கும். நல்ல வழிப்பொருட்கள் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டியும் தாங்குகின்றன. அதைவிட முக்கியமானது, வடிவம் மாறும்போது மூலக்கூறின் பருமன் மிகக் குறைவாகவே மாறுகிறது. ஸ்பைரோபைரானில் பாதி மூலக்கூறே சுழன்று விரிய வேண்டியிருக்கிறது. மற்றொரு ஒளிநிறமாற்ற மூலக்கூறான அசோபென்சீனில் நீளம் ஏறத்தாழ 0.9 நானோமீட்டரிலிருந்து 0.55 நானோமீட்டராகச் சுருங்க வேண்டியிருக்கிறது. இறுகிய சிலிகாவுக்குள் இவற்றுக்கு இடமில்லை. டைஅரைல்எத்தீனுக்கு அவ்வளவு இடம் தேவையுமில்லை.

நுண்துளை

ஒளிவேதியனின் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அது வேறொரு தேவைக்கான விடை. இருளில் தானாக நிறம் இறங்க வேண்டும் என்று இளங்கதிர் கேட்கிறார். டைஅரைல்எத்தீன் இருளில் நிறத்தை வைத்துக்கொள்ளும். தகவலைப் பதிந்துவைக்கவும் ஒளிச் சாவி செய்யவும் அது சிறந்தது, தானாக நிறம் இறங்க வேண்டிய வட்டுக்கு அது பொருந்தாது. தானாக இறங்கும் சாயங்களில் களைப்பைத் தாங்குபவை வேண்டுமானால் ஸ்பைரோஆக்சசைனும் நாப்தோபைரானும் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடித் தொழிலில் பலபடி வில்லைகளுக்கு அவற்றையே பயன்படுத்துகிறார்கள். நைட்ரோ தொகுதி இல்லாததால் ஸ்பைரோஆக்சசைனின் நிற வடிவம் சிலனால்களிடம் ஸ்பைரோபைரானைப் போல் அவ்வளவு எளிதில் சிறைப்படுவதுமில்லை.

டைஅரைல்எத்தீனுக்கும் சிலிகாவில் ஒரு தடை உண்டு. அதன் இரு வளையங்களும் ஒரே பக்கம் நோக்கி நிற்கும் அமைவும் எதிரெதிர்ப் பக்கம் நோக்கி நிற்கும் அமைவும் கரைசலில் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன. எதிரெதிராக நிற்பது மட்டுமே ஒளியால் வளையமாக மூடும். கரைசலில் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பதால் சிக்கலில்லை. இறுகிய துளைக்குள் அந்த மாற்றம் தடைப்பட்டால், பாதி மூலக்கூறுகள் எவ்வளவு ஒளி பட்டாலும் அசையாமல் நிற்கும். ஆகவே எந்தச் சாயத்தை எடுத்தாலும் சுவரையும் துளையின் அளவையும் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

மெத்தில் சேர்த்தபின் அது சிலிகாதானா என்ற கேள்விக்கு: முப்பரிமாணச் சிலிக்கான்-ஆக்சிஜன் வலை அப்படியே இருக்கிறது, கண்ணாடித் தகட்டின்மேல் பூசினால் தகட்டின் சிலனால்களோடு வேதிப்பிணைப்பு கொண்டு ஒட்டுகிறது, புறஊதாவை நன்றாகக் கடத்துகிறது. பெரும்பாலான பலபடிகளில் இம்மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை.

உலர்களம்

விரிசலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. வேதியியலை எவ்வளவு திருத்தினாலும் வட்டு உடைந்துவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது; எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

இளங்கதிரின் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 10 மில்லிலிட்டர் டெட்ராஎத்தாக்சிசிலேனில் ஏறத்தாழ 0.045 மோல் உள்ளது. அதற்கு 10.4 மில்லிலிட்டர் எத்தனாலும் 3.2 மில்லிலிட்டர் நீரும் சேரும். மொத்தம் 24 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. இதிலிருந்து கிடைக்கும் சிலிகா 2.7 கிராம்தான். உலர்ஜெல்லின் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்று கொண்டால், இறுதிப் பருமன் 1.8 மில்லிலிட்டர். பருமன் பதின்மூன்றில் ஒரு பங்காகவும், நீளம் பாதிக்கும் கீழாகவும் சுருங்குகின்றன. இவ்வளவு சுருங்கும் பொருள் அச்சின் சுவரில் ஒட்டிக்கொண்டால் உடையாமல் என்ன செய்யும்? கண்ணாடி அச்சைத் தவிர்த்துப் பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்லான் அச்சைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது நுண்புழை அழுத்தம். துளைக்குள் திரவத்தின் மேற்பரப்பு வளைந்து சுவரை உள்நோக்கி இழுக்கிறது. அந்த அழுத்தம் பரப்பு இழுவிசையின் இருமடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 2 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் இருந்தால் 72 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் எழுநூறு மடங்கு. எத்தனால் இருந்தால் ஏறத்தாழ 22 மெகாபாஸ்கல். உலரும் கடைசிக் கட்டத்தில் எத்தனால் முந்தி ஆவியாகி நீர் எஞ்சிவிடுவதுதான் பல வட்டுகளுக்கு எமனாகிறது. ஆகவே ஜெல் இறுகியபின் மூடிய கலத்தில் பல நாள் முதிரவிட்டு வலையை வலுப்படுத்துங்கள். பிறகு துளைத் திரவத்தை எத்தனாலால் சிலமுறை மாற்றுங்கள். அதன்பின் ஊசித்துளையிட்ட மூடியின் கீழ் வாரக்கணக்கில் மெதுவாக உலரவிடுங்கள். ஆனால் எத்தனாலால் மாற்றும்போது, பிணைக்கப்படாத சாயத்தில் ஒரு பகுதி கழுவிக்கொண்டு போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஃபார்மமைடு சேர்த்தால் துளைகளின் அளவு சீராகி விரிசல் குறையும் என்பது ஹென்ச் குழுவினரின் பணிகளிலிருந்து நன்கறிந்ததே. அது கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. மெத்தில் சேர்த்த கலவையில் சுவரைத் திரவம் நனைப்பது குறைவதாலும் வலை சற்று நெகிழ்வதாலும் விரிசல் தானாகவே குறைந்துவிடும்.

அழுத்தமே இல்லாமல் உலர்த்த வேண்டுமானால் கார்பன் டைஆக்சைடை அதன் நிலைமாறு புள்ளியான 31 டிகிரி, 74 பார் ஆகியவற்றுக்கு மேல் கொண்டுசென்று வெளியேற்றும் ஏரோஜெல் முறை உண்டு. கிஸ்லர் 1931இல் காட்டிய வழியின் இன்றைய வடிவம் அது. ஆனால் அங்கே கிடைப்பது ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய நுரை; இளங்கதிரின் தேவைக்கு அது உதவாது.

சுருக்கத்தால் வரும் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. கரைசலில் லிட்டருக்கு 0.0001 மோல் என்று சாயத்தைச் சேர்த்தால், உலர்ந்த வட்டில் அது பதின்மூன்று மடங்காகி 0.0013 மோல் ஆகிறது. மெரோசயனினின் மோலார் உட்கவர்தலை 30,000 என்று கொண்டால், 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டில் எல்லா மூலக்கூறுகளும் விரியும்போது ஒளி உட்கவர்திறன் 8ஐ நெருங்கும். எந்த நிறமாலைமானியாலும் அதை நம்பகமாக அளக்க முடியாது. புறஊதாவும் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது. தொடக்கச் செறிவை 0.00001 மோலாகக் குறைத்தால் 0.8 என்ற அளக்கத்தக்க மதிப்பு கிடைக்கும்.

ஒளிவேதியன்

உலர்களத்தின் கணக்கு வட்டுக்குச் சரி. மென்படலத்தில் நிலைமை நேர் எதிரானது. முக்கியெடுத்துப் பூசும் தூய சிலிகாப் படலம் ஒரு மைக்ரோமீட்டரை நெருங்குவதற்குள் விரிசல் விட்டுவிடும். அந்தத் தடிமனில் லிட்டருக்கு 0.01 மோல் சாயம் இருந்தாலும் உட்கவர்திறன் 0.03தான், கண்ணுக்கு நிறமே தெரியாது. மெத்தில் சேர்த்த கலவையில் 5 மைக்ரோமீட்டர் படலமும் 0.05 மோல் செறிவும் கைகூடினால் 0.75 கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, படலம் செய்பவர்களுக்கு ஆர்மோசில் தவிர்க்க முடியாதது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வட்டைப் பொறுத்தவரை என் ஐயம் தொடர்கிறது.

லேசர்ச்சாயம்

நிறம் மாறும் சாயங்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஒளிரும் சாயங்களைச் சிலிகாவில் அடைத்துத் திடநிலைச் சாய லேசர் செய்வதே என் வேலை. ஆயினும் அடிப்படைச் சிக்கல்கள் ஒன்றே என்பதால் சொல்கிறேன். ரோடமின் 6ஜி சாயம் நீரில் செறிவு கூடும்போது இருபடிகளாகத் திரண்டு ஒளிர்வை இழந்துவிடும். சிலிகாவில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனித் துளையில் அடைபடுவதால், அதே செறிவிலும் தனிமூலக்கூறாகவே ஒளிர்கிறது. 1984 ஆய்வு காட்டிய பெரிய நன்மைகளில் இது ஒன்று. ஒளியைத் தாங்கும் திறன் கூடியது மற்றொன்று. இங்கே அந்தச் சிலிகாச் சிறை சாயத்துக்கு நன்மையே செய்கிறது.

நிலைப்பைக் கெடுப்பது ஒளிவேதியன் சொன்ன அதே ஆக்சிஜன்தான். உலர்ஜெல்லின் துளைகளை முற்றிலும் மூட 800 டிகிரிக்கு மேல் சுட வேண்டும்; சாயம் அதற்கு முன்பே எரிந்துபோகும். இதற்கு ரைஸ்ஃபெல்டு கையாண்ட மாற்று வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. சாயமில்லாத சிலிகாவை முதலில் 500 டிகிரி அளவில் சுட்டு, வலுவான துளைக் கண்ணாடியாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மெத்தில் மெத்தாக்ரிலேட்டில் சாயத்தைக் கரைத்துத் துளைகளுக்குள் ஏற்றி, அங்கேயே பலபடியாக்க வேண்டும். சிலிகாவின் ஒளிவிலகல் எண் 1.46, பலபடியினுடையது 1.49, வேறுபாடு சிறியது, துளைகளும் சில நானோமீட்டர் அளவே என்பதால் பொருள் தெளிவாகவே இருக்கும். சாயம் அமிலத்தையோ சுருங்கும் வலையையோ சந்திப்பதே இல்லை. விரிசல் சிக்கலும் சாயம் சேர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. காற்றும் உள்ளே நுழைவது குறைகிறது. இளங்கதிருக்கு இது பொருந்துமா என்பதை நுண்துளை சொல்ல வேண்டும்.

நுண்துளை

பொருந்தும், ஒரு கவலையோடு. 500 டிகிரியில் சுட்டபின் சிலனால்கள் குறைந்திருக்கும். ஆனால் முற்றிலும் மறைந்திருக்கா. சுவரருகே நிற்கும் சாயம் நிறத்தோடு தங்கக்கூடும். சுட்ட கண்ணாடியை ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவியில் வைத்து மேற்பரப்புச் சிலனால்களை மெத்தில்சிலில் தொகுதிகளால் மூடிவிட்டு, அதன்பின் சாயம் ஏற்றினால் அக்கவலையும் பெருமளவு தீரும். துளைக்குள் பலபடி இறுகியபின் சாயத்துக்குச் சுழல இடம் குறையும் என்பதால் நிறம் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் தணியும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதை இளங்கதிரே முடிவு செய்ய வேண்டும்.

இளங்கதிர்

வேகம் குறைவதை ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம். நான் முதலில் பாதி மெத்தில் கலவையை, சாயக்குடுவை சொன்ன இரு கட்ட முறையில் செய்து பார்க்கிறேன். சாயம் கழுவிக்கொண்டு போவதாக உலர்களம் குறிப்பிட்டது என்னைச் சிந்திக்க வைத்தது. அடைத்துவைப்பதை விட வலையோடு பிணைத்துவிடுவது மேலானதா?

சாயக்குடுவை

பிணைப்பதற்கு நன்கு பழகிய வழி ஒன்று உண்டு. இண்டோலின் நைட்ரஜனில் ஹைட்ராக்சிஎத்தில் தொகுதி கொண்ட ஸ்பைரோபைரானை எடுத்து, நீரற்ற டெட்ராஹைட்ரோஃபியூரானில் 3-ஐசோசயனேட்டோப்ரொப்பில்ட்ரைஎத்தாக்சிசிலேனோடு வினைபுரிய வைத்தால், யூரித்தேன் இணைப்பின் வழியாகச் சாயத்தின் வாலில் ஒரு ட்ரைஎத்தாக்சிசிலில் தொகுதி சேரும். வினையூக்கியாக டைபியூட்டைல்டின் டைலாரேட் சிறிதளவு போதும். அகச்சிவப்பு நிறமாலையில் 2270 செ.மீ.⁻¹ அருகிலுள்ள ஐசோசயனேட்டு உச்சி மறைவதே வினை முடிந்ததற்கான அடையாளம். பிறகு இச்சாயமே ஆல்காக்சைடுகளில் ஒன்றாக வலைக்குள் பின்னிக்கொள்ளும். எத்தனாலில் எவ்வளவு ஊறவைத்தாலும் வெளியேறாது. செறிவைக் கூட்டினாலும் தனியாகப் படிகமாகப் பிரியாது.

ஒரு முனை கட்டப்பட்டிருப்பதால் சாயத்தின் அசைவு சற்றுத் தடைப்படும் என்பது உண்மையே. ப்ரொப்பில் வால் நெகிழ்வானது என்பதால் தடை பெரிதல்ல என்பது என் மதிப்பீடு. சென்சர் செய்பவர்கள், திரவத்தில் மூழ்கியிருக்கும் படலம் செய்பவர்கள் ஆகியோருக்குப் பிணைப்பைக் கட்டாயம் என்றே சொல்வேன். காற்றில் மட்டும் இருக்கப்போகும் தடித்த வட்டுக்கு அடைத்தலே போதும். அதிலும், எத்தனால் மாற்றத்தின்போது வெளியேறும் திரவத்தை நிறமாலைமானியில் அளந்து, இழப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஐசோசயனேட்டு ஆவி சுவாசக் குழாயை நிரந்தரமாக ஒவ்வாமைக்கு உள்ளாக்கக்கூடியது. புகைக்கூண்டுக்கு வெளியே குப்பியைத் திறக்கவே கூடாது. வேகத்துக்காக யாரேனும் டெட்ராமெத்தாக்சிசிலேனுக்கு மாறச் சொன்னாலும் எச்சரிக்கையாக இருங்கள். அதன் ஆவி கண்ணின் கருவிழிப்படலத்தைப் பாதித்துப் பார்வையையே பறிக்கக்கூடியது. பாதிப்பு பல மணி நேரம் கழித்தே தெரியவரலாம். எத்தாக்சி வகை அந்த அளவுக்குக் கொடியதல்ல என்பதால் அதிலேயே இருங்கள்.

நுண்துளை

புதிய வட்டுகள் உலர்ந்ததும் நிறம் இறங்கும் வேகத்தை அளப்பீர்கள் என்பதால் இரண்டு குறிப்புகள். கரைசலில் மெரோசயனின் இறங்குவது ஒற்றை அடுக்குக்குறி வளைவாக இருக்கும். சிலிகாவில் அப்படி இருக்காது. ஒவ்வொரு துளையும் சற்று வேறுபட்ட சூழல் என்பதால் தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் இறங்கும். இரண்டு அடுக்குக்குறிகளின் கூட்டாகப் பொருத்திப் பாருங்கள். மெதுவான பகுதியின் பங்கு, சிலனால்களிடம் இன்னும் சிக்கியிருக்கும் மூலக்கூறுகளின் பங்கை ஏறத்தாழக் காட்டும். மெத்தில் விகிதத்தை மேலும் கூட்ட வேண்டுமா என்பதை அந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

மற்றொன்று, அளக்கும் ஒளியே சாயத்தை வெளுக்கச் செய்யும். 550 நானோமீட்டரில் ஒளிக்கற்றையைத் தொடர்ந்து வட்டின்மேல் விட்டுவைத்தால், இருளில் இறங்கும் வேகமும் ஒளியால் இறங்கும் வேகமும் கலந்துவிடும். கற்றையை மங்கலாக்கி, இடைவெளி விட்டு, அளக்கும் கணத்தில் மட்டும் மறைப்பைத் திறந்து பதிவு செய்யுங்கள். வட்டின் வெப்பநிலையையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். சில டிகிரி மாறினாலே இறங்கும் வேகம் கண்கூடாக மாறிவிடும்.